ஒரே மூளை ஸ்கேன், மூன்று டாக்டர்கள், மூன்று பதில்கள்: யாரை நம்புவது?

மார்ச் 3 (கேள்வி)

எனக்கு வயது 31. அடிக்கடி தலைவலி வருகிறது என்று எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். மூளையில் சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, டிமைலினேஷனாக (நரம்பு உறை சிதைவதாக) இருக்கலாம், நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும் என்று ரிப்போர்ட் வந்தது. முதல் டாக்டர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) ஆரம்பம், மருந்து தொடங்கலாம் என்றார். இரண்டாமவர் வெறும் மைக்ரேன் என்றார். மூன்றாமவர் இப்போது பெயர் வைக்க வேண்டாம், ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார். இவர்களில் இரண்டு பேர் பொய் சொல்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? யாரை நம்புவது?

மார்ச் 3, இரவு

யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே முதலில் கைவிட்டுப் போவது டாக்டர்கள் மேல் இருக்கும் நம்பிக்கைதான், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எனக்கு ஸ்கேன் எடுத்தது தலைக்காகக்கூட இல்லை. இடது காதில் விடாத இரைச்சல். காது நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதிக் கொடுத்தார். காது நரம்பு சுத்தமாக இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில், மூளையின் வெண்பொருளில் (நரம்பு இழைகள் ஓடும் உட்பகுதியில்) இரண்டு பக்கமும் பல சிறு ஒளிர்வுகள் என்று ஒரு வரி. டாக்டர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, "இதை ஒரு நியூராலஜிஸ்டிடம் காட்டிவிடுங்கள்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

முதல் நியூராலஜிஸ்ட் எம்எஸ் என்றார். இரண்டாமவர் மைக்ரேன் என்றார். மூன்றாமவர், நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், பிபியும் இருக்கிறது, இது சிறு ரத்தக் குழாய்களின் தேய்மானம் என்றார். மூவரும் பார்த்தது ஒரே சிடி.

மார்ச் 4

தூக்கம் வராததால் தொடர்கிறேன்.

ஃப்ளேர் என்று ஒரு வகைப் படம் எடுக்கிறார்கள் அல்லவா, அதில் வெள்ளையாகத் தெரிவது ஒரு நோயின் நிறம் இல்லை. அந்த இடத்துத் திசுவில் நீர் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். நரம்பைச் சுற்றியுள்ள மைலின் உறை அரிக்கப்பட்டாலும் நீர் கூடும், சிறு ரத்தக் குழாய் அடைபட்டுத் தழும்பானாலும் கூடும், அழற்சி வந்தாலும் கூடும். சுவரில் ஈரம் ஊறியிருப்பது கண்ணுக்குத் தெரியும். குழாய் கசிகிறதா, மேல்தளம் ஒழுகுகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று அந்தக் கறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் டாக்டர்கள் புள்ளியின் இடத்தையும் வடிவத்தையும் பார்க்கிறார்கள். வென்ட்ரிக்கிள் என்னும் நீர் அறைகளை ஒட்டி, அதற்குச் செங்குத்தாக நீள்வட்டமாக இருந்தால் எம்எஸ் பக்கம் சாய்வார்கள். அந்த வடிவத்துக்கு டாஸனின் விரல்கள் என்று பெயர். 1916இல் எம்எஸ் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதிய ஜேம்ஸ் டாஸனின் பெயர் அது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் இருந்தாலும், மூளைப் புறணியை ஒட்டியிருந்தாலும், மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ இருந்தாலும் அதே பக்கம்தான். சின்னச் சின்ன உருண்டைகளாக, முன்மடலின் ஆழமான வெண்பொருளில் தூவினதுபோல இருந்தால் மைக்ரேன், பிபி, வயது என்று போகும்.

என் படத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தன. பெரும்பாலானவை தூவல். வென்ட்ரிக்கிளை ஒட்டி ஒன்றிரண்டு. முதல் டாக்டர் அந்த ஒன்றிரண்டைப் பார்த்தார். மற்ற இருவரும் தூவலைப் பார்த்தார்கள்.

மார்ச் 4, மாலை

உங்கள் ரிப்போர்ட்டில் எந்த இடம் என்று எழுதியிருக்கிறதா? சும்மா "சில புள்ளிகள்" என்று மட்டும் இருந்தால், எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிசு என்று கேட்டு வாங்குங்கள்.

மார்ச் 7

"புள்ளி இருந்தாலே நோய்தான், ஆரோக்கியமான மூளையில் ஏன் வரப்போகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைக் கொஞ்சம் விரிவாகவே மறுக்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு எண்ணம் என்னை வாரக்கணக்கில் வாட்டியது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், பொதுமக்களில் 2000 பேருக்கு மூளை எம்ஆர்ஐ எடுத்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி வயது 63. 7.2 சதவீதம் பேருக்கு அவர்கள் அறியாமலேயே வந்துபோன சிறு அடைப்புகளின் தடம் இருந்தது. 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக் குழாய் வீக்கம். 1.6 சதவீதம் பேருக்குச் சாதுவான கட்டி, பெரும்பாலும் மெனிஞ்சியோமா என்னும் மூளை உறைக் கட்டி. பொதுவாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். வயதாக ஆக வெண்பொருள் புள்ளிகளும் கூடிக்கொண்டே போகும். அவற்றை 0 முதல் 3 வரை தரம் பிரிக்க ஃபசேகாஸ் அளவுகோல் என்று ஒன்று 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது. என் மூன்றாவது டாக்டர் எனக்கு எழுதியது ஃபசேகாஸ் 1, அதாவது லேசானது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "எல்லாருக்கும் இருக்கும், விடு" என்று 31 வயதுக்காரரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 63 வயதில் சாதாரணமாகத் தோன்றுவது 31இல் ஒரு கேள்வி. உங்கள் முதல் டாக்டர் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

மார்ச் 8

ஒரு விஷயம் விட்டுப்போனது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் நம்மைப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவது படமும் சீட்டில் உள்ள ஒரு வரியும்தான். என் முதல் சீட்டில் "காது இரைச்சல்" என்று மட்டும் இருந்தது. ரிப்போர்ட்டில் "குறிப்பாக எதையும் சுட்டாத சிறு ஒளிர்வுகள்" என்று வந்தது. முதல் நியூராலஜிஸ்ட் அதே சிடியை வேறொரு ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்பியபோது சீட்டில் "எம்எஸ்?" என்று எழுதியிருந்தார். "டிமைலினேஷனோடு ஒத்துப்போகிறது" என்று வந்தது. படம் மாறவில்லை. கேள்வி மாறியது. அவர்களைக் குறை சொல்லவில்லை. என்ன தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் தேட முடியும். ஆனால் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குப் பயத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

மைக்ரேனும் அப்படித்தான். எனக்குச் சிறு வயதிலிருந்தே மைக்ரேன், கண் முன்னே வளைகோடுகள் மின்னிவிட்டு வருகிற வகை. முதல் டாக்டர் கேட்கவில்லை, காது இரைச்சலுக்கும் தலைவலிக்கும் சம்பந்தமில்லை என்று நானும் பேச்செடுக்கவில்லை. இரண்டாமவர் முதல் கேள்வியாகவே அதைக் கேட்டார். ஆளுக்கொரு பதில் வந்ததில் பாதி இங்கேயே முடிந்துபோகிறது.

மார்ச் 15

உங்கள் பதிலைப் படித்தேன். "அக்கா, மருந்தைத் தொடங்கிவிட்டால் என்ன நஷ்டம்? எம்எஸ் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாமே" என்று உங்கள் கணவர் கேட்கிறார். என் வீட்டிலும் இதையே கேட்டார்கள். நியாயமான கேள்வி, எளிய பதில் இல்லை.

தொடங்கலாம் என்பவர்களின் பக்கம்: அறிகுறியே இல்லாமல், எம்எஸ் போலவே தோன்றும் புள்ளிகள் மட்டும் உள்ளவர்களுக்கு ஆர்ஐஎஸ் என்று ஒரு பெயர் உண்டு, 2009இல் வைத்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்குள் முதல் அறிகுறி வந்தது, பத்து ஆண்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்தது. 37 வயதுக்குக் கீழே இருப்பவர், ஆண், தண்டுவடத்தில் புள்ளி உள்ளவர் என்றால் வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2022, 2023 ஆண்டுகளில் வந்தன. ஒன்று டைமெத்தில் ஃபியூமரேட், இன்னொன்று டெரிஃப்ளூனோமைடு. இரண்டிலும் முதல் தாக்குதல் வரும் ஆபத்து நன்றாகவே குறைந்தது, முதலாவதில் 80 சதவீதத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கும் குறைவானவர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பொறுக்கலாம் என்பவர்களின் பக்கம்: அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் உண்மையிலேயே எம்எஸ் போலத் தோன்றும் புள்ளிகள் உள்ளவர்கள். தூவல் புள்ளிகள் உள்ள மைக்ரேன்காரர்கள் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு பெரிய மையங்களுக்கு, ஏற்கெனவே எம்எஸ் என்று பெயர் வைக்கப்பட்டு வந்த 241 பேரைத் திரும்பப் பரிசோதித்து 2019இல் எழுதினார்கள். 43 பேருக்கு எம்எஸ் இல்லை. அவர்களிடம் அதிகமாகக் கண்டுபிடித்த உண்மையான காரணம் எது தெரியுமா? மைக்ரேன். அவர்களில் பலர் அதுவரை எம்எஸ் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியில் கை வைப்பவை. ரத்த அணுக்கள், ஈரல் எல்லாவற்றையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். டெரிஃப்ளூனோமைடு கர்ப்பத்துக்கு ஆகாது, உடம்பை விட்டு வெளியேற மாதக்கணக்கில் ஆகும். 31 வயதில் இது சின்ன விஷயம் இல்லை. "நிறுத்திக்கொள்ளலாம்" என்று நினைக்கிறோம். ஆனால் மருந்து எடுக்கும்போது தாக்குதல் வரவில்லையென்றால், அது மருந்தினாலா, நோயே இல்லாததாலா என்று எப்படிப் பிரிப்பது? நிறுத்தத் துணிச்சல் வராது. நான் மருந்தைத் தொடங்காததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஒருவர் நோயைத் தவறவிட்டுவிடக் கூடாது என்று கவலைப்படுகிறார். இன்னொருவர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறார். இரண்டு கவலையும் நம் நல்லதுக்குத்தான்.

மார்ச் 16

மேலே எழுதியதைப் படித்துவிட்டு மருந்தை ஒத்திப்போட முடிவு செய்துவிடாதீர்கள். தண்டுவட ஸ்கேன் இல்லாமல் இரண்டு பக்கமும் எதையும் முடிவு செய்ய முடியாது. அதை எடுத்தாகிவிட்டதா?

மார்ச் 29

தண்டுவடம் சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கே மூச்சு இலகுவானது. வயதினாலும் பிபியினாலும் மூளையில் புள்ளி விழும், தண்டுவடத்தில் பொதுவாக விழாது. அதனால்தான் அங்கே ஒன்றும் இல்லை என்பதற்கு இவ்வளவு எடை. எம்எஸ் இல்லவே இல்லை என்று அதற்கு அர்த்தம் ஆகாது. ஆனால் தராசு சாய்கிறது.

பி12 குறைபாட்டாலும் புள்ளி வரலாம் என்று ஒருவர் ஞாபகப்படுத்தியிருக்கிறார், நல்லது. எனக்கும் பார்த்தார்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, ஏஎன்ஏ (லூபஸ் போன்ற நோய்களுக்கான சோதனை) எல்லாம் ஒரே நாளில் ரத்தம் எடுத்து முடிந்தது. பார்வை நரம்போ தண்டுவடமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு எம்எஸ் போலவே தோன்றும் வேறு நோய்களைக் காட்டும் அக்வாபோரின்-4, மாக் என்ற எதிர்ப்பொருள்களையும் பார்ப்பார்கள். ஆனால் "பி12 மாத்திரை போட்டால் புள்ளி மறைந்துவிடும்" என்று அவர் முடித்திருப்பது சரியில்லை. பி12 குறைந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த மாத்திரையால் பயன், அவர்களுக்கும் எல்லாத் தடமும் அழியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மைக்ரேன் புள்ளிகளும் தேய்மானப் புள்ளிகளும் அப்படியேதான் இருக்கும். மறையாததைப் பார்த்து மறுபடி பயப்படாதீர்கள்.

ஏப்ரல் 6

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பதைப் பற்றி.

நான் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. குத்தும்போது அழுத்தம், ஒரு நொடி காலில் மின்சாரம் ஓடியதுபோல, அவ்வளவுதான். பிறகு வந்த தலைவலிதான் கஷ்டம். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் அடங்கும். மெல்லிய, முனை மழுங்கிய வகை ஊசி இருக்கிறது. அதில் இந்தத் தலைவலி குறைவு. எந்த ஊசி என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பே இல்லை.

அந்த நீரில் ஆலிகோகுளோனல் பட்டைகள் (எதிர்ப்புப் புரதங்களின் தடம்) இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதே நேரத்தில் ரத்தமும் எடுத்து ஒப்பிட வேண்டும். நீரில் மட்டும் பட்டை இருந்து ரத்தத்தில் இல்லையென்றால், மூளைக்குள்ளேயே எதிர்ப்புச் சக்தி ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எம்எஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கும். எனக்கு இல்லை.

இல்லை என்று போனில் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குள் எம்எஸ் என்ற பெயரோடு வாழ மனதைத் தயார் செய்துவிட்டேன். மகளிடம் எப்படிச் சொல்வது, வேலையை எப்படிக் குறைப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பெயர் போனதும் கையில் ஒன்றுமே இல்லாததுபோல ஆகிவிட்டது. புள்ளிகள் இருக்கின்றன, பெயர் இல்லை. "ஒன்றும் இல்லையாமே, அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படி வந்தால், அதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரல் 6, பின்னிரவு

அம்மாவைப் பற்றி எழுதியது கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. எனக்காக வேண்டிக்கொண்டு அதிகம் தூங்காதவர் அவர்தான்.

ஏப்ரல் 19

விரல் மரத்துப்போகிறது, கண் மங்குகிறது, இது ஆரம்பமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், அது முதலில். ஆனால் எனக்கு உதவிய ஒரு அளவுகோல் இருக்கிறது: எம்எஸ் தாக்குதல் என்று கணக்கில் எடுக்க, காய்ச்சலோ தொற்றோ இல்லாத நேரத்தில், அறிகுறி குறைந்தது 24 மணி நேரம் விடாமல் இருக்க வேண்டும். என் மரமரப்பு எல்லாம் ஏதாவது படித்த பிறகு வந்து, யாரோடாவது பேசினால் போய்விடும். உடம்பு பொய் சொல்வதில்லை, பயத்தில் உடம்புக்கும் பங்கு உண்டு. நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், மூன்றையும் ஒரு நோட்டில் குறித்தேன். அடுத்த முறை டாக்டரிடம் அந்த நோட்டை நீட்டினேன், பேச்சே தேவைப்படவில்லை.

ஒரு கண்ணை அசைத்தால் வலித்து, அதே கண்ணில் பார்வை மங்கி, நிறங்கள் வெளுத்துத் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது, உடனே போக வேண்டும். திடீரென்று முகம் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்கு நோட்டு வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டும்.

மே 11

இன்னொரு கேள்வி: "விதிமுறை ஒன்றுதானே, அப்புறம் எப்படி ஆளுக்கொரு முடிவு?"

விதிமுறையே மாறிக்கொண்டிருக்கிறது. எம்எஸ்ஸைத் தீர்மானிக்கும் மெக்டொனால்டு விதிகள் 2001இல் வந்தன. 2005, 2010, 2017 என்று திருத்தினார்கள். 2024இன் திருத்தம் 2025இல் அச்சானது. 2017 திருத்தம் வரையிலும், எம்எஸ்ஸில் வழக்கமாக வரும் ஒரு அறிகுறி வந்திருந்தால்தான் அந்தப் பெயர். புதிய திருத்தத்தில், அறிகுறி இல்லாவிட்டாலும் படத்தில் குறிப்பிட்ட இடங்களில் புள்ளிகள் இருந்து, தண்டுவட நீர் போன்ற வேறு சான்றும் சேர்ந்தால் எம்எஸ் என்று சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். பார்வை நரம்பையும் ஐந்தாவது இடமாகச் சேர்த்தார்கள். ஆக, பழைய விதியை வைத்திருப்பவரும் புதிய விதியை வைத்திருப்பவரும் ஒரே ஆளுக்கு வேறு வேறு பெயர் வைக்கலாம். இருவரும் விதிப்படியே நடந்திருப்பார்கள்.

புதிய திருத்தத்தில் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது நடுச் சிரை அடையாளம். எம்எஸ் புள்ளி பெரும்பாலும் ஒரு சிறு சிரையைச் சுற்றி வளர்கிறது. அதற்கென்று உள்ள எம்ஆர்ஐ முறையில் எடுத்தால் வெள்ளைப் புள்ளியின் நடுவே கறுப்புக் கோடு தெரியும். மைக்ரேன் புள்ளிகளில் பெரும்பாலும் தெரியாது. நரம்பு ஸ்கேன்களை மட்டுமே பார்க்கும் நியூரோரேடியாலஜிஸ்ட் ஒருவர் என் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேடினார். பெரும்பாலானவற்றில் கோடு இல்லை. வென்ட்ரிக்கிளை ஒட்டிய ஒன்றில் "இருக்கலாம்" என்றார்.

அந்த "இருக்கலாம்" இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

ஜூன் 2

டாக்டரிடம் என்ன கேட்பது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். நான் கடைசியில் மூவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "எதைப் பார்த்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?"

முதல் டாக்டர், நீரில் பட்டை இல்லை, தண்டுவடம் சுத்தம், ஓராண்டில் புதுப் புள்ளி இல்லை என்றால் மருந்து பேச்சை விடுகிறேன் என்றார். மைக்ரேன் டாக்டர், கான்ட்ராஸ்ட் (ஸ்கேனுக்காக ரத்தத்தில் ஏற்றும் மருந்து) ஏறி ஒரே ஒரு புள்ளி ஒளிர்ந்தாலும் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன் என்றார், ஏனென்றால் அப்படி ஒளிர்வது சில வாரங்களுக்குள் உண்டான புது அழற்சி. மூன்றாமவர், பிபியைச் சரியாக வைத்தும் புள்ளி கூடினால் வேறு காரணம் தேடுவேன் என்றார். மூன்று பதிலையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். அவர்கள் செய்யச் சொன்ன வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பிபியைக் கட்டுப்படுத்து, புகை வேண்டாம், மைக்ரேனுக்குத் தடுப்பு மருந்து எடு, குறித்த காலத்தில் மறுபடி ஸ்கேன். பெயரில்தான் சண்டை, அடுத்த அடியில் இல்லை.

உங்களுக்கும் அப்படியே அமையும் என்று சொல்லவில்லை. சிலருக்கு அடுத்த அடியிலேயே பிளவு வரும். அப்போது எம்எஸ் மட்டுமே பார்க்கும் சிறப்பு மையத்தில் ஒரு கருத்து வாங்குங்கள். நான்காவது, ஐந்தாவது என்று பொது நியூராலஜிஸ்ட்களாகத் தேடிக்கொண்டே போனால் பதில்கள் கூடும், தெளிவு கூடாது.

செப்டம்பர் 14

ரொம்ப நாளாகிவிட்டது. மறு ஸ்கேன் முடிந்தது, மாற்றம் இல்லை. முதல் டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மருந்து பேச்சை எடுக்கவில்லை. ஃபைலில் "மைக்ரேன், சிறு குழாய் மாற்றம், கண்காணிப்பில்" என்று எழுதினார். மூன்று பேரின் பதிலும் ஒரே வரியில். காது இரைச்சல் அப்படியே இருக்கிறது, அதை இப்போது யாரும் கேட்பதே இல்லை.

உங்கள் மறு ஸ்கேன் அடுத்த மாதம் என்றீர்கள். அதே மெஷினில் எடுக்கப் பாருங்கள். முதலில் 1.5 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது மெஷினின் காந்த வலிமை) எடுத்துவிட்டு இப்போது 3 டெஸ்லாவில் எடுத்தால், பழைய புள்ளிகளே புதிதாகத் தெரிய வாய்ப்பு உண்டு. தலை சாய்ந்த கோணமும் வெட்டுகளின் தடிமனும் மாறினால்கூட எண்ணிக்கை மாறும். பழைய சிடியைக் கையோடு கொண்டுபோங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. சீட்டில் "முந்தைய படத்தோடு ஒப்பிடவும், மைக்ரேன் உண்டு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் தனியாகப் பிரித்துப் படிக்காதீர்கள். முடியாது, படிப்பீர்கள். படித்தால் இங்கே எழுதுங்கள், எந்நேரமானாலும் பதில் போடுகிறேன்.